கண்ணில் குறையில்லை என்கிறார்கள். அப்பாவுக்கு இடப்பக்கம் மட்டும் ஏன் தெரிவதில்லை?

மழைத்துளி:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 67. ஏழு வாரங்களுக்கு முன்பு அவருக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் வலப்பக்கத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டதாகவும், உச்சி மடலும் பிடரி மடலும் சந்திக்கும் இடம் வரை பாதிப்பு இருப்பதாகவும் ஸ்கேன் அறிக்கை கூறுகிறது. இடக்கையில் இருந்த தளர்ச்சி பெரும்பாலும் நீங்கிவிட்டது. பேச்சில் குழறல் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய கணக்குவழக்குகளைக்கூடப் பிசகாமல் சொல்கிறார். எங்களைக் குழப்புவது அவருடைய பார்வைதான்.

வாசலைக் கடக்கும்போது இடத்தோள் கதவு நிலையில் இடிக்கிறது. தலை வாரிக்கொண்டால் வலப்பாதி படிந்திருக்கிறது, இடப்பாதி படுக்கையிலிருந்து எழுந்தபடியே கலைந்து நிற்கிறது. செய்தித்தாளை உரக்கப் படிக்கச் சொன்னால் 'மாநகராட்சி' என்பதை 'நகராட்சி' என்கிறார். 'அநீதி' என்பதை 'நீதி' என்கிறார். ஒருநாள் 'பொய்' என்ற சொல்லைப் 'பாய்' என்று படித்தார். படிக்கும்போது சிறிதும் தடுமாறுவதில்லை என்பதுதான் விந்தை. நாங்கள் திருத்தினால் எங்கள்மீதே சினம் கொள்கிறார்.

கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டியபோது கடைசி வரிவரை இரு கண்களாலும் சரியாகப் படித்தார். கண்ணில் குறையில்லை, கண்ணாடியையும் மாற்ற வேண்டியதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மாவோ, வயதானதால் வந்த பிடிவாதம் என்கிறார்.

கண் நன்றாக இருக்கும்போது ஒரு பக்கம் மட்டும் எப்படித் தெரியாமல் போகும்? இது பார்வைக் குறையா, கவனக் குறையா? திரும்ப வருமா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

ஓய்வுபெற்ற ஸ்டெதாஸ்கோப்:

அம்மா, நான் நரம்பியல் மருத்துவனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்கள் தந்தையைப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. ஆனாலும் நீங்கள் 'பொய்', 'பாய்' என்று எழுதியிருக்கும் ஒரு வரி, பல ஸ்கேன் படங்களைவிட எனக்குக் கூடுதலாகச் சொல்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு பொதுவான தவற்றைத் திருத்திவிடுகிறேன். இடக்கண் பார்ப்பது வலமூளைக்கும், வலக்கண் பார்ப்பது இடமூளைக்கும் போவதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதுவன்று. ஒவ்வொரு விழித்திரையும் நடுவில் பிளந்தாற்போல் இரண்டு பாதிகளாக வேலை செய்கிறது. மூக்கை ஒட்டிய பாதியிலிருந்து கிளம்பும் நரம்பிழைகள் மூளையின் அடியில் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து எதிர்ப்பக்கம் போகின்றன. நெற்றிப்பொட்டுப் பக்கத்துப் (காதோரத்துப்) பாதியின் இழைகள் அதே பக்கத்தில் தொடர்கின்றன. இதன் விளைவாக, நாம் நோக்கும் புள்ளிக்கு இடப்பக்கத்தில் உள்ள உலகம் முழுவதும், எந்தக் கண் வழியாக நுழைந்தாலும், வலப்பக்க மூளைக்கே போய்ச் சேர்கிறது. எனவே அந்தக் குறுக்குப் பாதைக்குப் பின்னால் எங்கே அடிபட்டாலும், பறிபோவது ஒரு கண்ணன்று. இரு கண்களிலும் உலகின் ஒரு பக்கம். கண்களை மாறி மாறி மூடிப் பார்த்தாலும் அதே பக்கம்தான் காணாமல் போகும். கண் மருத்துவர் எழுத்தின் கூர்மையைச் சோதித்தார். பார்வைப் புலத்தின், அதாவது கண்ணை அசைக்காமல் தெரியும் பரப்பின், அகலத்தைச் சோதித்தாரா என்று கேளுங்கள். அது வேறு சோதனை.

இந்தப் பாதையின் எந்த இடத்தில் தமனி அடைபடுகிறதோ அதற்கேற்பப் பார்வை கிழியும் வடிவமும் மாறும். பொட்டு மடலின் வழியாக வளைந்து செல்லும் இழைகள் அறுந்தால் எதிர்ப்பக்கப் பார்வையின் மேல்பாதி, அதாவது முழுப் புலத்தில் கால்பங்கு, போகும். உச்சி மடலின் வழியாகச் செல்பவை அறுந்தால் அதன் கீழ்ப்பாதி போகும். கீழ்ப்பக்கப் பார்வை போனவர் படிக்கட்டில் தடுக்கி விழுவார். மேல்பக்கப் பார்வை போனவர் பல மாதங்கள் அதை அறியாமலே இருந்துவிடுவதும் உண்டு. பிடரி மடலுக்கு இரத்தம் தரும் பின்பெருமூளைத் தமனி அடைபட்டால் பாதிப் புலம் முழுவதும் இருண்டுவிடும், ஆனால் நடுப்புள்ளியைச் சுற்றிய சிறு வட்டம் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. நடுப்பார்வைக்கென ஒதுக்கப்பட்ட இடம் பிடரியின் கடைக்கோடியில் மிகப் பெரியது என்பதும், அந்தக் கோடிக்குப் பலருக்கு நடுப்பெருமூளைத் தமனியிலிருந்தும் இரத்தம் வந்துவிடுகிறது என்பதும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இந்த வரைபடம் நமக்குக் கிடைத்த கதை துயரமானது. 1904-05 ருஷிய-ஜப்பானியப் போரில் பயன்பட்ட துப்பாக்கிகளின் குண்டுகள் சிறியவை, வேகமானவை. தலையைத் துளைத்து மறுபக்கம் வெளியேறியும் வீரர்கள் பிழைத்தார்கள். தாட்சுஜி இனோயே என்ற ஜப்பானியக் கண் மருத்துவர், குண்டு நுழைந்த இடத்தையும் வெளியேறிய இடத்தையும் கொண்டு மூளைக்குள் அது சென்ற வழியைக் கணக்கிட்டு, ஒவ்வொரு வீரனுக்கும் பார்வையில் எந்தத் துண்டு போயிருக்கிறது என்பதோடு பொருத்திப் பார்த்து, 1909-இல் வெளியிட்டார். முதல் உலகப் போரில் கார்டன் ஹோம்ஸ் அதை இன்னும் நுட்பமாக்கினார்.

இதுவரை சொன்னது பார்வை மூளைக்கு வந்து சேரும் வழி. வந்து சேர்ந்த பிறகு நடப்பதுதான் உங்கள் தந்தையின் செய்தி. பிடரி மடலிலிருந்து செய்திகள் இரண்டு பெரும் வழிகளில் முன்னோக்கிச் செல்கின்றன என்று 1982-இல் அங்கர்லைடரும் மிஷ்கினும் வகுத்தார்கள். கீழ்வழி பொட்டு மடலுக்குச் செல்கிறது. அது 'என்ன பொருள், யாருடைய முகம், என்ன நிறம்' என்பதைக் கவனிக்கிறது. மேல்வழி உச்சி மடலுக்குச் செல்கிறது. 'எங்கே இருக்கிறது, எப்படிக் கை நீட்டுவது' என்பது அதன் பொறுப்பு. பிரிவு இவ்வளவு கறாரானதன்று என்று இன்று அறிவோம். ஆனாலும் நோயாளியின் படுக்கையருகே நின்று சிந்திக்க இதைவிட வசதியான வரைபடம் எனக்குக் கிடைத்ததில்லை.

கீழ்வழியில் அடிபட்டவர், சாவியைக் கண்ணால் பார்த்து என்னவென்று சொல்ல முடியாமல், கையில் எடுத்த மறுகணம் 'சாவி' என்பார். சிலருக்கு மனைவியின் முகம் அந்நிய முகமாகிவிடும், குரல் கேட்டதும்தான் அடையாளம் தெரியும். சிலருக்கு நிறம் வடிந்து உலகம் சாம்பலாகிவிடும். இரு புறமும் மேல்வழி அடிபட்டவருக்கு நேரும் நிலையை 1909-இல் ரெஜோ பாலிந்து விவரித்தார்: ஒரு நேரத்தில் ஒரு பொருளுக்கு மேல் கண்ணில் படாது, பார்த்த பொருளை நோக்கிக் கை நீட்டினால் தவறிப்போகும். இரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்து, இரு தமனிகளின் எல்லைப் பகுதி வறண்டுபோகும்போது இது நேர்வதுண்டு. 1983-இல் அறிக்கையான ஒரு பெண்மணியின் கதை இன்னும் விசித்திரமானது. மூளைச் சிரையில் இரத்தம் உறைந்து, இரு புறமும் அசைவை உணரும் பகுதி சேதமுற்றதால், அவருக்குக் கோப்பையில் ஊற்றும் தேநீர் உறைந்த பனிக்கட்டிபோல் அசையாமல் நின்றது. எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் வழியவிடுவார். தெருவில் தொலைவில் தெரிந்த வண்டி அடுத்த கணம் அருகில் நிற்கும். நடுவே அது வந்ததைக் காணமாட்டார்.

இப்போது உங்கள் தந்தை. வலது உச்சி மடலை ஒட்டிய பாதிப்பில் 'இடப்பக்கப் புறக்கணிப்பு' என்ற நிலை அடிக்கடி வருகிறது. இதில் போவது பார்வையன்று. இடப்பக்கம் என்று ஒன்று இருக்கிறது என்ற நினைப்பே போய்விடுகிறது. பார்வைப் புலம் மட்டும் இழந்தவருக்குத் தம் குறை விரைவில் தெரிந்துவிடும். 'அந்தப் பக்கம் தெரியவில்லை' என்பார், தலையைத் திருப்பித் தேடுவார். 'நீதி' என்று படித்தபின் வாக்கியம் பொருந்தவில்லையென்றால் கண்ணை இடப்பக்கம் நகர்த்தித் திருத்திக்கொள்வார். புறக்கணிப்பு உள்ளவர் தேடமாட்டார், ஏனெனில் தேடுவதற்கு அங்கே எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றுவதில்லை. 'பொய்' என்ற சொல்லைக் கண்முன் வைத்துப் பாருங்கள். முதலில் நிற்பது கொம்பு. அதை நீக்கினால் எஞ்சுவது 'பாய்'. உங்கள் தந்தை சொல்லின் இடப்பக்க ஓரத்தை விட்டுவிட்டு, எஞ்சியதை முழுச்சொல்லாகவே படித்திருக்கிறார். தடுமாற்றம் இல்லாததே இதில் முக்கியமான அறிகுறி. இரண்டு குறைகளும் ஒருவருக்கே சேர்ந்து வருவதும் சாதாரணம் என்பதால் பார்வைப் புலச் சோதனை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை.

இது பிடிவாதம் என்று நினைக்கும் உங்கள் அம்மாவுக்கு ஒரு சோதனையைச் சொல்லுங்கள். 1978-இல் பிசியாக்கும் லுசாத்தியும், மிலான் நகரத்தின் பேராலயச் சதுக்கத்தை நன்கு அறிந்த, இத்தகைய நோயாளிகள் இருவரை, அச்சதுக்கத்தின் ஒரு முனையில் ஆலயத்தைப் பார்த்து நிற்பதாகக் கற்பனை செய்து, தெரிவதையெல்லாம் சொல்லச் சொன்னார்கள். அவர்கள் வலப்பக்கத்துக் கட்டடங்களை மட்டுமே பட்டியலிட்டார்கள். பிறகு ஆலய வாசலிலிருந்து எதிர்த்திசையில் பார்ப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னபோது, முன்பு விட்ட கட்டடங்களைச் சொல்லி, முன்பு சொன்னவற்றை விட்டுவிட்டார்கள். கண்ணே தேவைப்படாத நினைவிலும் இடப்பக்கம் இல்லை. இதைப் பிடிவாதத்தால் செய்ய எவராலும் முடியாது.

வீட்டில் மூன்றைச் செய்து பார்த்து எழுதுங்கள். வெற்றுத்தாளில் ஒரு நீண்ட கிடைக்கோடு வரைந்து, அவருக்கு நேர் எதிரே வைத்து, நடுவில் குறியிடச் சொல்லுங்கள். புறக்கணிப்பு இருந்தால் குறி வலப்பக்கம் நன்றாக விலகும். புல இழப்பு மட்டும் இருந்தால் பெரும்பாலும் சற்று இடப்பக்கமாகவே விலகும். அடுத்து, ஒரு கடிகார முகத்தை எண்களோடு வரையச் சொல்லுங்கள். மூன்றாவதாக, அவர் உங்கள் மூக்கைப் பார்த்தபடி இருக்க, உங்கள் இரு கைகளையும் விரித்து, ஒரு நேரத்தில் ஒரு விரலையும், பிறகு இரு பக்கமும் ஒருசேரவும் அசையுங்கள். தனியாக அசைக்கும்போது இடப்பக்கம் தெரிந்து, இரண்டும் சேர்ந்து அசையும்போது வலப்பக்கம் மட்டுமே தெரிந்தால், அது கவனத்தின் கோளாறு. இவை மருத்துவரின் சோதனைக்கு மாற்றல்ல; அவரிடம் சரியான கேள்வியோடு போவதற்கான ஆயத்தம்.

---

எழுத்தறிந்தவன்:

ஐயா எழுதியதைப் படித்தபோது (இப்போது என்னால் மெதுவாகப் படிக்க முடிகிறது) என் கதையையும் சேர்க்கலாம் என்று தோன்றியது. எனக்கு வந்தது இடப்பக்கப் பின்பெருமூளைத் தமனியில் அடைப்பு. கை கால் எதுவும் தளரவில்லை, வாய் கோணவில்லை. காலையில் எழுந்தபோது வலப்பக்கம் மங்கலாக இருந்தது. கண்ணாடியில் அழுக்கு என்று எண்ணித் துடைத்தேன், மறுபடியும் துடைத்தேன், பிறகு சற்றுத் தூங்கினால் சரியாகும் என்று படுத்துவிட்டேன். அந்தத் தூக்கத்தில் போனது என் சிகிச்சைக்கான நேரம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டும் என்பதை மருத்துவமனையில்தான் தெரிந்துகொண்டேன். முகம், கை, பேச்சு என்ற மூன்றை மட்டும் கவனிக்கச் சொல்லும் விழிப்புணர்வுப் பலகைகளில் என்னைப் போன்றவர் எவரும் இடம்பெறுவதில்லை. நடைத் தள்ளாட்டத்தையும் திடீர்ப் பார்வைக் குறையையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் பலகைகளும் வந்திருக்கின்றன. எல்லாப் பலகைகளும் அப்படி மாறினால் நல்லது.

மூன்றாம் நாள் ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன். பெயர், முகவரி, என்ன நேர்ந்தது என்று நான்கு வரிகள் எழுதவும் செய்தேன். சரியாக எழுதியிருக்கிறேனா என்று பார்க்கத் தாளை நிமிர்த்தினேன். ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. என் கையால் ஒரு நிமிடத்துக்கு முன் எழுதிய தமிழ், அறியாத மொழியின் கோடுகளாகக் கிடந்தது. நாற்பது ஆண்டுகள் அச்சுப்பிழை திருத்தியவன் நான். அந்தக் கணத்தை எப்படிச் சொல்வதென்று இன்றும் தெரியவில்லை.

இதற்கு எழுத்திழப்பு இல்லாத படிப்பிழப்பு என்று பெயராம். 1892-இலேயே தெழெரின் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்திருக்கிறார். என் மருத்துவர் படம் போட்டு விளக்கினார். இடப் பிடரி போனதால் வலப்பக்கப் பார்வை இல்லை. எஞ்சிய இடப்பக்கப் பார்வை வலமூளைக்கு வருகிறது. எழுத்தைப் படிக்கும் மையமோ இடமூளையில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் பாலத்தின் பின்முனையும் அதே அடைப்பில் அறுந்துவிட்டது. எழுத்து கண்ணுக்கு வருகிறது, படிப்பவரிடம் போய்ச் சேரவில்லை. எழுதும் வழி அப்படியே இருந்ததால் எழுத முடிந்தது.

நான் மீண்ட வழி விரல். எழுத்தின் மேல் ஆள்காட்டி விரலை ஓட்டினால், கண்ணுக்குத் தெரியாத எழுத்து கைக்குத் தெரிந்தது. 'ண'வும் 'ன'வும் கண்ணுக்கு ஒன்றுபோல் இருந்தன. விரல் சுழிகளை எண்ணிப் பிரித்தது. இப்படி எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்கத் தொடங்கி, எட்டு மாதங்களில் விரலை எடுத்துவிட்டேன். நீண்ட சொல் இன்னமும் நீண்ட நேரம் எடுக்கிறது. நிறத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு சிவப்புத் துணிகளைத் தவறாமல் சேர்த்து வைப்பேன், 'இது என்ன நிறம்' என்று கேட்டால் மட்டும் பச்சை என்பேன்.

அம்மா, உங்கள் தந்தையிடம் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். எனக்கு என் குறை முதல் நாளே தெரியும், அதனால் நான் அழுதேன். அவருக்குத் தெரியாது, அதனால் கோபப்படுகிறார். உண்மையில் அவர் படித்தது முழுச்சொல்தான் என்று அவருக்குப் படுகிறது. நீங்கள் இல்லாத எழுத்தைச் சொல்லித் திருத்துவதாகத்தான் அவருக்குத் தோன்றும்.

---

சன்னலோரம்:

நான் மறுவாழ்வுப் பயிற்சியாளர். மருத்துவர் ஐயா நோயறிதலைச் சொல்லிவிட்டதால், நான் வீட்டு ஏற்பாட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு.

முன்பெல்லாம், நோயாளியிடம் எப்போதும் இடப்பக்கத்திலிருந்தே பேச வேண்டும், கட்டிலையும் வலப்பக்கம் சுவராக இருக்கும்படி திருப்பிப் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நானும் சில ஆண்டுகள் அதையே சொன்னேன். அழைப்பு மணியை இடப்பக்கம் வைத்துவிட்டு, இரவில் ஒருவர் அதைக் காணாமல் எழுந்து விழுந்த பிறகு என் எண்ணம் மாறியது. இப்போது நான் இரண்டாகப் பிரிக்கிறேன். பாதுகாப்புக்கும் அவசரத்துக்கும் உரியவை, அதாவது மணி, தண்ணீர், கைத்தடி, மாத்திரை எல்லாம் வலப்பக்கம். விருப்பத்துக்கு உரியவை, அதாவது வானொலி, பேரப்பிள்ளையின் படம், நாற்காலியில் அமர்ந்து பேச வருபவர், இவை இடப்பக்கம். பயிற்சி நேரத்துக்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருக்க வேண்டும். இருபத்து நான்கு மணி நேரமும் ஒருவரைத் தேர்வெழுத வைக்கக்கூடாது.

படிப்பதற்கு மிக எளிய கருவி, பக்கத்தின் இட ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒட்டிய அகலமான சிவப்புப் பட்டை. 'சிவப்பைக் காணும்வரை படிக்கத் தொடங்காதீர்கள்' என்பது ஒரே விதி. முதலில் நீங்கள் சொல்வீர்கள். பிறகு அவர் உரக்கச் சொல்லிக்கொள்வார். பிறகு மனத்துக்குள் சொல்வார். தமிழ் இடமிருந்து வலமாகப் படிக்கப்படுவதால் இடப்பக்கம் இல்லாதவர் வரியின் தொடக்கத்தைத் தவறவிடுகிறார். வலப்பக்கம் இல்லாதவருக்கு நிலைமை வேறு: அடுத்து வரும் எழுத்துகளைக் கண் முன்கூட்டியே துழாவ முடியாமல் ஒவ்வொரு சொல்லிலும் முட்டி நிற்கும். அவருக்குச் சிவப்புப் பட்டையை வல ஓரத்தில் ஒட்ட வேண்டும்.

முப்பட்டகக் (பிரிசம்) கண்ணாடி பற்றி யாராவது உங்களிடம் பேசுவார்கள். அதில் இரண்டு வகை உண்டென்று தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று புறக்கணிப்புக்கானது: காட்சியைச் சுமார் 10 பாகை வலப்பக்கம் தள்ளும் கண்ணாடியை அணிவித்து, சில நிமிடங்கள் பொருள்களைச் சுட்டிக்காட்டச் செய்வார்கள். கை முதலில் வலப்பக்கம் தவறும், பிறகு தன்னைத் திருத்திக்கொள்ளும். கண்ணாடியைக் கழற்றிய பிறகு கை இடப்பக்கம் சாயும், கவனமும் அதோடு இடப்பக்கம் நகரும். 1998-இல் ரொசெத்தி குழுவினர் இதை வெளியிட்டார்கள். சிலருக்கு நன்றாகப் பயன்படுகிறது, சிலருக்கு எதுவும் நிகழ்வதில்லை, பிற்காலச் சோதனைகளின் முடிவுகளும் ஒருபோல் இல்லை. மற்றொன்று புல இழப்புக்கானது: கண்ணாடியின் மேலும் கீழும் ஒட்டப்பட்ட பட்டகங்கள், தெரியாத பக்கத்துப் பொருளைத் தெரியும் பக்கத்துக்குக் கொண்டுவந்து காட்டும். முதல் வகையை அணிந்து பயிற்சி செய்துவிட்டுக் கழற்றிவிடுவார்கள். இரண்டாவதை அணிந்தே நடமாட வேண்டும். இரண்டையும் குழப்பி வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

---

கேள்விக்குறி:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். குருட்டுப் பார்வை என்று ஒன்று இருப்பதாகவும், பார்வைப் புறணி (மூளையில் காட்சியை உணரும் பகுதி) போனவர்களும் தடைகளை விலக்கி நடப்பதாகவும் ஒரு காணொளியில் பார்த்தேன். அப்படியானால் கணினித் திரையில் ஒளிப்புள்ளிகளைக் காட்டிப் பயிற்சி கொடுத்தால் இழந்த பார்வை முழுவதும் திரும்பிவிடும் அல்லவா? விளம்பரங்களிலும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

---

ஓய்வுபெற்ற ஸ்டெதாஸ்கோப்:

நண்பரே, நீங்கள் பார்த்தது உண்மை. அதிலிருந்து வந்த முடிவுதான் பிழை. அந்தக் காணொளியில் நடப்பவர் அடுத்தடுத்து இரண்டு பக்கவாதங்களில் இருபுறப் பார்வைப் புறணிகளையும் இழந்த ஒரு மருத்துவராக இருக்க வேண்டும். 2008-இல் டி கெல்டரின் குழுவினர், பெட்டிகளும் பொருள்களும் சிதறிக் கிடந்த நடைவழியில் கைத்தடியில்லாமல் அவரை நடக்கச் சொன்னார்கள். ஒன்றிலும் இடிக்காமல் நடந்தார். ஆனால் எதையாவது பார்த்தீர்களா என்றால் இல்லை என்பதே அவர் விடை. தாம் தடைகளை விலக்கியதுகூட அவருக்குத் தெரியாது. விழித்திரையிலிருந்து வரும் இழைகளில் ஒரு சிறு பங்கு, புறணிக்குப் போகாமல் நடுமூளைக்குச் செல்கிறது; பழைமையான அந்த வழி உடலை வழிநடத்தும், உள்ளத்துக்கு எதையும் காட்டாது. 1974-இல் வைஸ்கிராண்ட்சும் அவருடைய குழுவினரும் விவரித்த நோயாளியும், ஒளி எங்கே என்று 'ஊகிக்க'ச் சொன்னால் சரியாகச் சுட்டுவார், தமக்கு எதுவும் தெரியவில்லை என்றே சொல்வார்.

புல இழப்பில் தானாகத் திரும்பக்கூடியது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் திரும்புகிறது. ஆறு மாதங்களுக்குப் பிறகு புலத்தின் எல்லை பெரிதாக நகர்வது அரிது. கணினிப் பயிற்சியால் எல்லை சற்று விரிந்ததாக வரும் அறிக்கைகளில், நோயாளியின் கண் நடுப்புள்ளியிலிருந்து நழுவியதே அப்படித் தோன்றியதா என்ற ஐயம் பலமுறை எழுந்திருக்கிறது. கண்ணையும் தலையையும் தெரியாத பக்கம் திட்டமிட்டு வீசித் தேடும் பயிற்சி அத்தகைய கவர்ச்சி அற்றது. அன்றாட வாழ்வில் பயன் தருவது அதுதான். முழுப் பார்வையும் திரும்பும் என்று உறுதி சொல்லிப் பணம் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. இங்கே யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவைக்கிறேன். இரு பிடரி மடல்களும் போன சிலர் தாங்கள் குருடர் என்பதையே ஏற்கமாட்டார்கள். 'என் சட்டை என்ன நிறம்' என்றால் தயங்காமல் ஒரு நிறம் சொல்வார்கள், சுவரில் மோதிவிட்டு விளக்கு மங்கல் என்பார்கள். அந்தோன் என்ற மருத்துவரின் பெயரால் அந்நிலை அறியப்படுகிறது. அந்த நடைவழிக்காரர் அறியாமலே கண்டார். இவர்கள் காணாமலே கண்டதாக நம்புகிறார்கள்.

---

வேப்பமரத்தடி:

என் அத்தைக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கப் பார்வை போனது. இரண்டு வாரங்களாக அந்த இருண்ட பக்கத்தில் தொப்பி அணிந்த சிறுவர்கள் வரிசையாக நிற்பதாகச் சொல்கிறார். அவர்கள் பேசுவதில்லையாம். புத்தி பேதலித்துவிட்டதோ என்று வீட்டில் அஞ்சுகிறார்கள்.

---

ஓய்வுபெற்ற ஸ்டெதாஸ்கோப்:

அவர்கள் உண்மையில் இல்லை என்பது அத்தைக்குத் தெரிகிறதா என்று மெதுவாகக் கேளுங்கள். தெரிகிறது என்றால், இது பெரும்பாலும் செய்தி வராமல் போன பார்வைப் பகுதி தானாகப் படம் வரைந்துகொள்வதுதான். 1760-இல் சார்ல் போனே, கண் புரையால் பார்வை மங்கிய தம் பாட்டனாருக்கு இப்படி உருவங்கள் தெரிந்ததைப் பதிவு செய்தார். அந்தப் பாட்டனார் தெளிந்த அறிவோடுதான் இருந்தார். பலருக்கு நாளடைவில் குறைந்துவிடும். ஆயினும் அதே காட்சி சில நொடிகள் மட்டும் திரும்பத் திரும்ப வந்தாலோ, அதோடு நினைவு தப்பினாலோ, கை வெட்டி இழுத்தாலோ, அது வலிப்பாக இருக்கலாம். காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

---

மழைத்துளி:

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்ன மூன்றையும் நேற்றுக் காலை செய்தோம்.

இருபது சென்டிமீட்டர் நீளக் கோட்டில், இடமுனையிலிருந்து பதினைந்தாவது சென்டிமீட்டரில் அப்பா குறியிட்டார். கடிகாரத்தில் வட்டத்தை முழுதாக வரைந்தார். ஆனால் பன்னிரண்டு எண்களையும் மேலிருந்து கீழாக வலப்பக்கத்திலேயே நெருக்கி எழுதிவிட்டு, 'இடம் போதவில்லை, சின்ன வட்டமாகப் போட்டுவிட்டேன்' என்றார். இடப்பக்க விரலைத் தனியாக அசைத்தபோது ஆறு முறையில் ஐந்து முறை சரியாகச் சொன்னார். இரண்டையும் சேர்த்து அசைத்தபோது ஆறு முறையும் 'வலது' என்று மட்டுமே சொன்னார். அம்மா அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரத் தாளைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். அதன்பின் அப்பாவைக் கடிந்துகொள்ளவில்லை.

மாலையில் சிவப்புப் பட்டை ஒட்டிப் படிக்கச் சொன்னோம். முதல் மூன்று வரிகளில் நானே 'சிவப்பு' என்று சொல்ல வேண்டியிருந்தது. நான்காவது வரியில் அவர் 'நீதி' என்று தொடங்கி, நிறுத்தி, தலையை இடப்பக்கம் கொண்டுபோய்ப் பட்டையைத் தொட்டுவிட்டு, 'அநீதி' என்றார். ஐந்தாவது வரியில் மறந்துவிட்டார்.

ஒரு கேள்வி மட்டும் மீதமிருக்கிறது. அவர் வண்டி ஓட்ட வேண்டும் என்கிறார். தமக்கு எல்லாம் நன்றாகத் தெரிவதாகச் சொல்கிறார்.

---

சன்னலோரம்:

வேண்டாம். சாவி உங்களிடமே இருக்கட்டும். தனக்குத் தெரியாத பக்கம் இருப்பதை உணராத ஒருவருக்கு, இடப்பக்கத்திலிருந்து தெருவைக் கடக்கும் குழந்தை இருக்காது. பார்வைப் புலச் சோதனை, புறக்கணிப்புச் சோதனை இரண்டும் முடிந்து, நரம்பியல் மருத்துவர் எழுத்தில் ஒப்பும்வரை இதைப் பற்றி விவாதிக்கவே வேண்டாம். மறுப்பை நீங்கள் சொல்லாமல் மருத்துவரைச் சொல்லச் செய்யுங்கள். வீட்டில் அவருக்குக் கோபம் கொள்ள ஏற்கெனவே போதிய காரணங்கள் இருக்கின்றன. நீங்கள் எடுத்த அளவுகளை நாளிட்டு எழுதி, அந்தக் கடிகாரத் தாளையும் கோட்டுத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள். ஆறு வாரம் கழித்து, அதே நீளக் கோட்டில் மறுபடியும் குறியிடச் சொல்லிப் பாருங்கள்.

---

மழைத்துளி:

அப்படியே செய்கிறேன். வரும் வியாழக்கிழமை பார்வைப் புலச் சோதனைக்கு நேரம் கிடைத்திருக்கிறது. முடிவு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.